அதிர்வின் கதை – 11: நூல் பாடிய கீழ் ஷட்ஜம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. குழித்தறிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, விரித்துக் கட்டியிருந்த பாவின் மேல் உள்ளங்கையால் மெல்லத் தட்டினார். பட்டு இழைகள் ஒருசேர நடுங்கி அடங்கின. முகத்தில் திருப்தி இல்லை. எழுந்துபோய் மறுமுனைக் கயிற்றை அரை விரற்கடை இழுத்துக் கட்டிவிட்டு வந்து மறுபடியும் தட்டினார்.

"எதைப் பாத்து சரின்னு முடிவு பண்றீங்க, பெரியவரே?" என்று கேட்டேன்.

"பாக்கறது எங்க தம்பி, கைக்குத் தெரியும். தொய்ஞ்சா ஊடை ஒழுங்கா குந்தாது. ரொம்ப இழுத்தா இழை அறுந்துடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குது."

அந்த நடு இடத்தைப் பற்றியதுதான் இந்த வார அத்தியாயம்.

கழிவாகக் கிடந்த முறுக்குப் பட்டு நூலில் ஒரு கை நீளம் கேட்டு வாங்கினேன். காலி டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டு, நூலின் ஒரு முனையை உள்ளே விட்டு முடிச்சுப் போட்டேன். மறுமுனை தறிக்கம்பத்தில். டப்பாவைக் கையில் பிடித்து, நூல் தொய்யாத அளவுக்கு மட்டும் இழுத்துக்கொண்டு மெல்லச் சுண்டினால் 'டும்' என்று ஒரு தாழ்ந்த ஒலி. அதே பிடியில் பலமாகச் சுண்டினால் ஒலி சற்று மேலே தொடங்கி, நழுவிக் கீழே வந்து பழைய இடத்தில் நின்றது. பெரியவரின் பேத்தி அதைக் கேட்டுவிட்டு நாலைந்து முறை தானே சுண்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அதே வழுக்கல்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் படித்த இழை இப்படி வழுக்காது. மெல்லச் சுண்டினாலும் பலமாகச் சுண்டினாலும் சுருதி ஒன்றே என்றுதான் படித்தோம். அசைவு சிறியதாக இருக்கும் வரை அது உண்மை. அசைவு பெரிதானால் கணக்கு மாறுகிறது. இரண்டு முனையும் கட்டப்பட்ட ஒரு மீட்டர் இழையை நடுவில் 1 செ.மீ. பக்கவாட்டில் விலக்கினால், அது 0.2 மி.மீ. நீண்டாக வேண்டும். 2 செ.மீ. விலக்கினால் 0.8 மி.மீ. விலகல் இரட்டித்தால் நீட்சி நாலு மடங்கு. நீண்ட இழை இறுகுகிறது, இறுகிய இழை வேகமாக ஆடுகிறது. ஆட்டமே இழையின் சுருதியை மாற்றிவிடுகிறது. இதைத்தான் இன்றைய பொறியாளர்கள் நேரியலற்ற அதிர்வு என்கிறார்கள். மிதியை அழுத்தும்போதெல்லாம் பாவு வாய் திறப்பதுபோல் இரண்டாகப் பிரிந்து இறுகுவதைப் பார்த்துப் பழகிய நெசவாளருக்கு இதில் வியப்பில்லை. இழை அசைந்தால் இறுகும் என்பது அவருடைய காலுக்குத் தெரியும்.

டப்பாவும் நூலுமாகக் கையில் நான் வைத்திருந்தது ஒரு வாத்தியத்தின் ஏழை வடிவம். வங்காளத்துப் பாடகர்கள் கையில் ஏந்திப் பாடும் ஏக்தாரா இதேதான்: தோல் கட்டிய குடுவை, அந்தத் தோலின் நடுவிலிருந்து நிமிர்ந்து போகும் ஒற்றைக் கம்பி. கம்பி வலப்பக்கம் போனாலும் இறுகும், இடப்பக்கம் போனாலும் இறுகும். ஆக, அது ஒரு முறை ஆடி முடிப்பதற்குள் தோலை இரண்டு முறை இழுத்துவிடுகிறது. இந்த 'ஒன்றுக்கு இரண்டு' என்ற விகிதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை முழுக்க அது கூடவே வரும்.

1909-ஆம் ஆண்டில் 'ஏக்தாரா' என்றே தலைப்பிட்டு ஒரு சிறு கட்டுரை இந்தியக் கணித மன்றத்தின் இதழில் வந்தது. எழுதியவர் நிதித்துறை அதிகாரி. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, நிதித்துறைத் தேர்வில் முதலாவதாகத் தேறி, 1907-ல் கல்கத்தாவில் உதவிக் கணக்காய அதிகாரியாக வேலையில் சேர்ந்தவர். சந்திரசேகர வெங்கட ராமன்.

ராமன் என்றதும் நமக்கு 1928 பிப்ரவரி 28-ம் ஒளிச்சிதறலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆண்டுதோறும் தேசிய அறிவியல் நாளில் பள்ளிகளில் பேசப்படுவதும் அதுவே. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அவர் இழைகளோடும் கம்பிகளோடும் தோலோடும் பட்ட பாட்டை நாம் ஏறக்குறைய மறந்தே போனோம். எனக்கு இதில் நீண்ட நாளாக வருத்தம் உண்டு. பரிசு வாங்கித் தந்த வேலை உயர்ந்தது, மற்றதெல்லாம் அதற்கு முந்தைய பயிற்சி என்று நினைப்பது அறிவியலையும் அந்த மனிதரையும் ஒருசேரக் குறைத்துப் பார்ப்பதாகும்.

கல்கத்தாவில் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடம். மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் அங்கே இருந்தது. சோதனைச் சாலை உண்டு, வேலை செய்ய ஆள் இல்லை. ராமன் காலையில் அலுவலகம் போகுமுன் அங்கே வருவார். மாலையில் அலுவலகம் விட்டதும் நேரே அங்கேதான். ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் ஒருவர் மட்டும் உடன். பகலெல்லாம் அரசாங்கத்தின் வரவு செலவு, இரவில் இழையின் வரவு செலவு. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிப் போனபோதும் இந்தச் சோதனைகளை அவர் விடவில்லை.

சென்ற அத்தியாயத்தில் ஜெர்மனியின் மார்புர்க் நகரத்து ஃபிரான்ஸ் மெல்டேயோடு நிறுத்தியிருந்தோம். 1859 வாக்கில் அவர் செய்த சோதனை இது: அதிரும் இசைக்கவையின் ஒரு கிளையில் நூலைக் கட்டி மறுமுனையில் எடை தொங்கவிடுவது. கவையை நூலுக்குக் குறுக்காக ஆடும்படி வைத்தால், கவை எத்தனை முறை ஆடுகிறதோ அத்தனை முறையே நூலும் ஆடும். இது எவரும் எதிர்பார்ப்பது. கவையைத் திருப்பி வைத்து, நூலின் நீளவாக்கில் இழுத்து விடும்படி செய்தால்தான் விந்தை. நூலைப் பக்கவாட்டில் தள்ளுவார் யாருமில்லை. இறுக்கமும் தளர்வும் மட்டுமே மாறி மாறி வருகின்றன. ஆனாலும் நூல் பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது, அதுவும் கவையின் பாதி வேகத்தில். கவை ஷட்ஜம் பாடினால் நூல் மந்தர ஸ்தாயி ஷட்ஜத்தில் பதில் சொல்கிறது. இதற்கு முன்பே 1831-ல், அதிரும் தட்டில் ஊற்றிய நீர்ப்பரப்பின் அலைகள் தட்டின் பாதி வேகத்தில் எழுவதை ஃபாரடே கண்டிருந்தார். ராலே பிரபு 1883-லும் 1887-லும் இவ்வகை அதிர்வுகளுக்குக் கணிதம் எழுதினார்.

ஊஞ்சலை நினைத்துக்கொண்டால் காரணம் விளங்கும். நம் கோயில்களில் ஊஞ்சல் உற்சவத்தின்போது அர்ச்சகர் கயிற்றைப் பிடித்து, ஊஞ்சல் தன் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு இழுப்பு கொடுப்பார். ஆட்டத்துக்கு ஒரு இழுப்பு. இது ஒரு வகை. தோப்பில் புளியமரக்கிளையில் கட்டிய ஊஞ்சலில் நின்றபடி ஆடும் பெண்பிள்ளை வேறொன்று செய்வாள். யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. கீழே வரும்போது விறைத்து நிமிர்வாள், உச்சிக்குப் போனதும் முழங்காலை மடக்கிக் குந்துவாள். முன்னால் போகும்போது ஒரு நிமிர்வு, பின்னால் வரும்போது ஒரு நிமிர்வு. ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு முறை. அவள் ஊஞ்சலைத் தள்ளவே இல்லை. ஊஞ்சலின் தன்மையைத்தான் மாற்றி மாற்றி வைக்கிறாள். மெல்டேயின் கவை நூலுக்குச் செய்வதும் அதையேதான். நூல் ஓரத்திலிருந்து நடுவுக்குத் திரும்பும்போது இறுக்கி வேகம் கொடுக்கிறது. நடுவிலிருந்து மறு ஓரத்துக்குப் போகும்போது தளர்த்தித் தடை குறைக்கிறது. இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொரு இறுக்கம். கவை இரண்டு, நூல் ஒன்று.

இங்கேதான் ராமன் நுழைகிறார். 1909-ல், 21 வயதில், 'நேச்சர்' இதழில் 'புதுவகைத் தூண்டதிர்வுகளை நிலைநிறுத்துதல்' என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதினார். 1912-ல் சங்கத்தின் ஆறாம் எண் வெளியீடாக அந்தச் சோதனைகளை விரிவாகக் கொண்டுவந்தார். மின்சாரத்தால் ஓயாமல் அதிரும் கவையில் நூலைக் கட்டி, எடையை மாற்றி மாற்றி, கவையின் அசைவையும் நூலின் ஒரு புள்ளியின் அசைவையும் ஓடும் ஒளிப்படத் தகட்டில் பக்கம் பக்கமாகப் பதிவுசெய்தார். அந்தப் படங்களில் கவையின் அலைகளையும் நூலின் அலைகளையும் எவரும் விரல்விட்டு எண்ணலாம். அவர் கண்டது, பாதி வேகம் ஒரு தொடக்கம் மட்டுமே என்பது. நூலின் இயல்பு வேகம் கவையினுடையதில் பாதியாக இருந்தால் அதிர்வு நிலைக்கிறது. சமமாக இருந்தாலும் நிலைக்கிறது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்று வரிசை மேலே போகிறது. விதி எளியது: கவை ஒரு முறை ஆடும் நேரத்தில் நூல் எத்தனை அரையாட்டம் ஆடினாலும், அது முழு எண்ணாக இருக்கவேண்டும்.

இந்த வரிசையை நம் இசை தெரிந்தவர்கள் காதால் படிக்கலாம். கவையின் ஒலியை மத்திய ஸ்தாயி ஷட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேகம் மந்தர ஷட்ஜம். சமவேகம் அதே ஷட்ஜம். ஒன்றரை மடங்கு பஞ்சமம். இரண்டு மடங்கு தார ஷட்ஜம். இரண்டரை மடங்கு தார ஸ்தாயி அந்தர காந்தாரம். தம்புராவுக்கு அருகில் கண்ணை மூடி உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டம் மிகவும் பழகியது. ஒன்று தம்புராவின் பிறங்கொலி, அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள்; மற்றொன்று இறுகித் தளரும் நூலின் விடை. பௌதிகக் காரணம் வேறு வேறு. ஆனாலும் எண்கள் இப்படி வந்து சேர்வதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அதை மறைப்பானேன்?

ஒரு கேள்வி பாக்கி. ஒவ்வொரு இறுக்கத்துக்கும் ஆட்டம் கூடிக்கொண்டே போனால் நூல் எங்கே போய் நிற்கும்? 1868-ல் மாத்தியூ என்ற பிரெஞ்சுக் கணிதர் நீள்வட்டத் தோலின் அதிர்வுக்காக எழுதிய சமன்பாடு இங்கே அப்படியே பொருந்துகிறது. அதன்படி ஆட்டம் பெருகிக்கொண்டே போகவேண்டும், முடிவே கிடையாது. நிஜத்தில் நூல் ஓர் அளவில் நின்றுவிடுகிறது. காரணம் நம் டப்பாவில் கேட்ட அதே வழுக்கல். வீச்சு பெருகப் பெருக நூல் நீண்டு இறுகி, சுருதி ஏறி, கவையின் தாளத்திலிருந்து விலகிவிடுகிறது. நீட்சி என்ற அந்தக் 'குறை' இல்லையென்றால் மெல்டேயின் நூலில் நிலையான அதிர்வு என்று ஒன்றே இருக்காது. ராலேயும் ராமனும் இதைத் தெளிவாக உணர்ந்து எழுதினார்கள்.

பட்டு இழை ராமனின் தாளில் நேரடியாகவே ஓரிடத்தில் வருகிறது. 1921-ல் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை தம்புராவையும் வீணையையும் பேசுகிறது. தம்புராவின் குதிரை தட்டையாக வளைந்தது. கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே கம்பளியோ பட்டோ ஓர் இழையைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி, ஒலி மலரும் இடத்தில் நிறுத்துவதை அவர் விவரிக்கிறார். நம் ஊரில் ஜீவா பிடிப்பது என்பார்கள். ஒரு கம்பியை அதன் அதிராப் புள்ளி ஒன்றில் சுண்டினால், அந்தப் புள்ளிக்குரிய பிறங்கொலி பிறக்கக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்து விதி. தம்புரா அதற்குக் கட்டுப்படவில்லை, அந்தப் பிறங்கொலி கணீரென்று கேட்கிறது என்றார் ராமன். ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பி குதிரையின் வளைவைத் தொட்டும் விட்டும் எழுவதே இதற்குக் காரணம். கம்பி எங்கே தொடங்குகிறது என்பதே கணந்தோறும் மாறுகிறது.

இதே காஞ்சிபுரத்தில் அந்த ஆண்டுகளில்தான், ராமனுக்கு ஓராண்டு இளையவரான பாடகர் நாயனாப் பிள்ளை லயத்தின் உச்சங்களைத் தொட்டுக்கொண்டிருந்தார். நாட்டுக்கே பட்டு நெய்து கொடுக்கும் ஊர். பாடகரின் தோளுக்குப் பின்னால் தம்புராவின் குதிரையில் ஒரு துண்டு இழை. அவ்வளவு சின்ன இழை ஒரு கச்சேரியின் சுருதிக்கே உயிர் கொடுக்கிறது என்பதைப் பாடகர்கள் எப்போதும் அறிந்திருந்தார்கள். அது ஏன் என்று கணக்கோடு கேட்டவர் ராமன்.

ராமன் 1917-ல் அரசு வேலையை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு, 1918-ல், ஜெர்மனியில் கேயோர்க் டஃபிங் என்ற பொறியாளரின் நூல் ஒன்று வெளிவந்தது. தன் சுருதியைத் தானே மாற்றிக்கொள்ளும் பொருளை வெளியிலிருந்து ஆட்டினால் என்ன நடக்கும் என்பது அதன் பொருள். நீண்டால் இறுகும் ஒன்றை மெல்ல வேகம் கூட்டிக்கொண்டே ஆட்டுங்கள். ஆட்டம் வளரும், வளர்ந்துகொண்டே போகும், திடீரென ஒரு புள்ளியில் பொத்தென்று விழுந்துவிடும். இப்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். விழுந்த இடத்தில் எழாது. இன்னும் கீழே வந்த பிறகு வேறோர் இடத்தில் துள்ளி ஏறும். போன வழி ஒன்று, திரும்பும் வழி வேறு. இடைப்பட்ட வேகங்களில் பெரிய ஆட்டமும் சின்ன ஆட்டமும் இரண்டுமே சாத்தியம். எது நிகழும் என்பது அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. இழைக்கு ஞாபகம் உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி அரை நூற்றாண்டு தாண்டுவோம்.

1960-களின் நடுவில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில், ஹார்வி நாதன்சனும் கூட்டாளிகளும் ஒரு சிலிக்கன் டிரான்சிஸ்டரின் மேல் பொன்னால் ஆன மிகச் சிறு நாக்கு ஒன்றை நீட்டி வைத்தார்கள். ஒரு முனை பிடிப்பில், மறு முனை அந்தரத்தில். அதற்குக் கீழே ஒரு மின்தகடு. 1965-ல் முதல் அறிக்கை, 1967-ல் முழுக் கட்டுரை. நொடிக்குச் சில ஆயிரம் முதல் ஒரு லட்சத்துக்கு மேல் வரை அதிரும் நாக்குகளை அவர்கள் செய்து காட்டினார்கள். இசைக்கவை சில்லுக்குள் இறங்கியது அப்போதுதான். பிறகு இரு முனையும் பிடித்த சிலிக்கன் விட்டங்கள் வந்தன. 200 மைக்ரோமீட்டர் நீளம், 2 மைக்ரோமீட்டர் கனம், கீழே மின்தகட்டுக்கு 2 மைக்ரோமீட்டர் இடைவெளி என்பது போன்ற அளவுகள் இவற்றில் சாதாரணம். பட்டுப்பூச்சியின் ஒற்றை இழையே ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் கனம். இந்த விட்டத்தின் கனம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

இதை எப்படிச் சுண்டுவது? விரலுக்குப் பதில் மின்னழுத்தம். விட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே 10 வோல்ட் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பின் அழுத்தம், கிண்ணத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்கும் தண்ணீர் அதன் அடியில் தரும் அழுத்தம்தான். இவ்வளவு மெல்லிய விட்டத்துக்கு அது போதும்.

இந்த இழுப்புக்கு இரண்டு குணங்கள். மின்னழுத்தம் நேராக இருந்தாலும் எதிராக இருந்தாலும் இழுக்கவே செய்யும், தள்ளாது. ஆகவே வெறும் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் அது ஒரு முறை சுற்றி வருவதற்குள் விட்டம் இரண்டு முறை இழுபடுகிறது. ஏக்தாராவின் 'ஒன்றுக்கு இரண்டு' இங்கேயும் வந்து நிற்கிறது. இரண்டாவது குணம், நெருங்க நெருங்க இழுப்பு மிகுவது. விட்டம் தகட்டை நோக்கி வளையும்போது அதன் விறைப்பு திரும்ப இழுக்கிறது, மின்விசையோ இன்னும் வா என்கிறது. விளைவு, விட்டம் தளர்ந்ததுபோல் ஆகிச் சுருதி இறங்குகிறது. எளிய இணைத்தகட்டுக் கணக்கில், இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விறைப்பு தோற்றுவிடும். விட்டம் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். நாதன்சன் குழு இதைத் தன் நாக்கிலேயே கண்டது.

மறுபக்கம் நம் பழைய நீட்சி. 200-க்கு 2 என்பது ஒரு மீட்டர் இழையில் 1 செ.மீ. விலக்கிய அதே விகிதம். விட்டம் தன் கனத்தின் அளவு அசைந்தாலே நீட்சியின் இறுக்கம் தலைகாட்டத் தொடங்கிவிடும். ஆக, ஒரே விட்டத்தில் இரண்டு எதிர்க் குணங்கள்: நீட்சி சுருதியை ஏற்றும், மின்விசை இறக்கும். நிலையாகக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டையும் ஏறக்குறைய சமன்செய்யும் ஓர் இடத்தைப் பொறியாளர்கள் தேடுகிறார்கள். அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் பெரியவர் அரை விரற்கடை இழுத்துக் கட்டிய கயிறுதான் கண்முன் வருகிறது. டஃபிங் சொன்ன தாவலும், போன வழி வேறு திரும்பும் வழி வேறு என்ற ஞாபகமும் சிலிக்கன் அதிரிகளில் 1987-லேயே அளந்து எழுதப்பட்டன. பாலஸ்தீனத்தில் பிறந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பணியாற்றிய அலி நாய்ஃபேயும் அவர் மாணவர்களும் 2000-க்குப் பிறகு இந்த விட்டங்களுக்கான கணிதத்தை நுணுக்கமாக வளர்த்தார்கள்.

இப்போது ராமனின் நூலுக்குத் திரும்பும் இடம். மின்னழுத்தம் விட்டத்தின் விறைப்பையே மாற்றுகிறது என்றால், அதைத் தாளத்தோடு கூட்டிக் குறைத்தால் என்ன? மெல்டேயின் கவை நூலை இறுக்கித் தளர்த்திய அதே வேலையை மின்னழுத்தம் செய்யும். 1991-ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ருகரும் குரூட்டரும் இதைக் கொண்டு ஒரு நுண் நாக்கின் அசைவைப் பெருக்கிக் காட்டினார்கள். 1998 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிம்பர்லி டர்னர் முதலானோர் 'நேச்சர்' இதழில் இன்னும் மேலே போனார்கள். மெல்லிய தண்டுகள் தாங்கி நிற்க, முறுக்கி முறுக்கி ஆடும் ஒரு சிலிக்கன் தகடு. அதன் விறைப்பை மின்விசையால் தாளத்தோடு மாற்றினார்கள். இயல்பு வேகத்தின் இரு மடங்கில், ஒரு மடங்கில், மூன்றில் இரண்டில், பாதியில், ஐந்தில் இரண்டில் என ஐந்து இடங்களில் தகடு விழித்தெழுந்து ஆடியது. தூண்டுவதைப் பார்க்கத் தகடு எத்தனை மடங்கு வேகமாக ஆடுகிறது என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பாதி, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை. மந்தர ஷட்ஜம், ஷட்ஜம், பஞ்சமம், தார ஷட்ஜம், அந்தர காந்தாரம். பௌபஜாரில் நூல் பாடிய வரிசை அப்படியே.

பெரிய அமைப்புகளில் முதல் ஓரிரு இடங்களைத் தாண்டிப் பார்ப்பது கடினம். வரிசையில் மேலே போகப் போக அதிர்வு எழும் சாளரம் வேகமாகக் குறுகும், காற்றின் தடை அதை மூடிவிடும். சில்லில் தடை மிகக் குறைவு என்பதால் ஐந்தும் தெரிந்தன. அப்படியிருக்க, 1912-ல் வெறும் நூலில், கண்ணாலும் ஒளிப்படத் தகட்டாலும், முதல் இரண்டோடு நிற்காமல் மேலே ஏறிய அந்த இளைஞரின் கைத்திறனை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ராமன் 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். அதே வளாகத்தில் இன்று நானோ அறிவியல், பொறியியல் மையம் இயங்குகிறது. அங்கே அக்ஷய் நாயக்கின் குழு, மாலிப்டினம் டைசல்பைடு என்ற பொருளின் சில அணு அடுக்குகளே கனமுள்ள தோலைக் குழியின் மேல் விரித்து, கீழிருந்து மின்னழுத்தத்தால் இறுக்கித் தளர்த்தி அதன் அதிர்வைப் பெருக்கியது. 2017-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மும்பை டாடா அடிப்படை ஆய்வுக் கழகத்தில் மந்தார் தேஷ்முக்கின் குழு, கிராஃபீன் தோலின் இரண்டு வேறு அதிர்வுகளை இதே உத்தியால் ஒன்றோடொன்று பேசவைத்தது. ராமனும் மிருதங்கத் தோலின் பிறங்கொலிகளைப் பற்றி எழுதியவர்தான். 1920-ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார். அந்தத் தோலுக்குக் கரணை என்ற பூச்சு போட்டிருந்தது. இந்தத் தோலில் அணுக்களின் சில அடுக்குகள் தவிர வேறொன்றும் இல்லை.

பிள்ளையார்பாளையத்துப் பெரியவரின் தறியோரம் ஒரு செல்பேசி கிடந்தது. அதைச் சாய்த்தால் திரை திரும்புகிறது. ஆட்டங்களில் கையின் திருப்பத்தை அறிய உள்ளே இருக்கும் சுழல் உணரியில், மின்விசையால் நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆடிக்கொண்டேயிருக்கும் ஒரு சிலிக்கன் துணுக்கு உண்டு என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். கேட்காது என்றேன், அவ்வளவு உயர்ந்த சுருதி.

"கேக்கறா மாதிரி ஒண்ணு காட்டேன்" என்றார்.

காட்ட முடிந்தது பார்க்கிற மாதிரி ஒன்றுதான். பாவு கட்டும் கயிற்றில் நாலைந்து மீட்டர் எடுத்து, ஒரு முனையைத் தெருவோரக் கம்பத்தில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கவாட்டில் ஆட்டாமல், என் பக்கமாக மட்டும் சின்னச் சின்ன இழுப்பு: இறுக்கம், தளர்வு, இறுக்கம், தளர்வு. முதலில் ஒன்றும் இல்லை. தாளத்தைச் சற்று மாற்றினேன். கயிற்றின் நடுவில் ஒரு நடுக்கம். இன்னும் கொஞ்சம் மாற்றினேன். நடுக்கம் வளர்ந்து, கயிறு முழுவதும் வில்லாக மேலும் கீழும் வீசத் தொடங்கியது. ஓர் அளவுக்கு மேல் வளரவில்லை, அங்கேயே நின்று ஆடியது.

பெரியவர் தறியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். என் கையையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தபடி தொடையில் தாளம் போட்டார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

"எண்ணிப் பாரு கண்ணு. தம்பி கை ரெண்டு, கயிறு ஒண்ணு."

(தொடரும்)